அருவிக்காற்றைத் தேடிய ஒரு தில்லிக் குளிர்காலம்: நிகழ்வு ஆய்வு

நாற்பது பக்கக் கோடு போட்ட நோட்டு ஒன்று என் மேசையில் இருக்கிறது. அட்டையில் பாடத்தின் பெயர் எழுதும் இடத்தில் ‘மனசு’ என்று எழுதியிருக்கிறது. உள்ளே ஒவ்வொரு வரியிலும் ஒரு தேதி, எதிரே நூற்றுக்கு எவ்வளவு என்று ஒரு மதிப்பெண். முப்பத்தைந்துக்குக் கீழே போன நாட்களுக்குச் சிவப்பு மையில் அடிக்கோடு. தென்காசிப் பக்கத்தில் முப்பத்திரண்டு வருஷம் கணக்குப் பாடம் எடுத்த ஒரு டீச்சர், தன் மனசுக்குத் தானே போட்ட மார்க் அது. அருவிக்காற்றைத் தரும் என்று விற்கும் ஒரு அயனிக் கருவி அவருடைய மனச்சோர்வைக் குறைத்ததா என்று பார்த்த இந்த ஆய்வு முழுவதும் அந்த நோட்டை நம்பித்தான் நிற்கிறது.

நான் கிழக்கு தில்லியில் மனநல ஆலோசகராக வேலை பார்க்கிறேன். என்னிடம் வருகிறவர்களில் பாதிக்கு மேல் தமிழ்க் குடும்பங்கள். டீச்சரை அடையாளம் காட்டக்கூடிய விவரங்கள் சிலவற்றை மாற்றியிருக்கிறேன். எழுதியதை அவருக்குப் படித்துக் காட்டி, “சரி, போடும்மா” என்று அவர் சொன்ன பிறகுதான் வெளியிடுகிறேன்.

பின்னணி

வயது 63. கணவர் இறந்தபின் ஊர் வீட்டைப் பூட்டிவிட்டு, மயூர் விகார் முதல் பகுதியில் மகன் வீட்டுக்கு வந்தார். அது இரண்டாவது குளிர்காலம். முதல் குளிர்காலத்திலும் சோர்ந்துதான் இருந்தார், ஆனால் எல்லோரும் அதைத் துக்கம் என்று எடுத்துக்கொண்டார்கள். இந்த முறை தீபாவளி கழிந்த பத்து நாளில் ஆரம்பித்தது. காலையில் எட்டரை வரை போர்வைக்குள். வாசலில் சின்னதாகப் போடும் கோலம் நின்றது. டிவி ஓடும், பார்க்கமாட்டார். சாப்பாட்டில் உப்பு இருக்கிறதா என்று கேட்டால் “இருக்கும்” என்பார்.

டிசம்பர் முதல் வாரம் மருமகள் என்னிடம் அழைத்து வந்தார். மனச்சோர்வை அளக்கும் பி.எச்.க்யூ-9 கேள்வித்தாளில் 27க்கு 13 வந்தது. நடுத்தரச் சோர்வு என்று வகைப்படுத்தும் 10 முதல் 14 வரையிலான இடம். உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் பற்றிய ஒன்பதாவது கேள்விக்குப் பூஜ்யம். அதைத் தனியாகவும் இரண்டு முறை கேட்டு உறுதி செய்துகொண்டேன். பொது மருத்துவர் ரத்தப் பரிசோதனை எடுத்தார். தைராய்டு சரியாக இருந்தது, வைட்டமின் டி குறைவு, அதற்கு மாத்திரை கொடுத்தார். மனநல மருத்துவரும் பார்த்தார். டீச்சருக்கு மருந்தில் விருப்பமில்லை. ஆறு வாரம் ஆலோசனையோடு பார்ப்போம், 15ஐத் தொட்டால் மருந்து என்று முடிவானது.

முதல் சந்திப்பில் அவர் பேசியதில் பாதி குற்றாலம். “ஏம்மா, அஞ்சருவிச் சாரல்ல ஒரு மணி நேரம் நின்னா போதும். தலையில கெடக்க பாரமெல்லாம் எறங்கிரும்லா. இங்க காத்தே இல்லையே, வெறும் புகைதான இருக்கு.”

மகன் அதைக் கேட்டுக்கொண்டிருந்தார். மின்னணுப் பொறியாளர். அன்று ராத்திரியே இணையத்தில் தேடி, எதிர்மின் அயனி வெளியிடும் ஒரு மேசைக் கருவியை வாங்கிவிட்டார். அருவிக்கரைக் காற்று படுக்கையறைக்கே வரும் என்பது அதன் விளம்பரம். அம்மாவின் ஏக்கத்துக்கு அளவெடுத்துத் தைத்தது போல ஒரு வாக்கியம். அவர் மேல் எனக்கு அப்போதும் குறையில்லை, இப்போதும் இல்லை. ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தள்ளி இருக்கும் அருவியை அம்மாவிடம் கொண்டுவர ஒரு வழி கிடைத்தால் எந்தப் பிள்ளைதான் வாங்கமாட்டான்?

அருவியில் இருப்பது என்ன

விளம்பரம் முழுப் பொய் இல்லை, அதனால்தான் இந்த விஷயம் சிக்கலாகிறது. அருவியடியில் காற்று மின்னேற்றம் பெறுகிறது என்பதை 1892இல் ஃபிலிப் லெனார்ட் என்ற ஜெர்மன் இயற்பியலாளர் ஆராய்ந்து எழுதினார். பின்னால் 1905இல் வேறு ஆராய்ச்சிக்காக நோபல் பரிசு வாங்கியவர். தண்ணீர் பாறையில் மோதிச் சிதறும்போது பெரிய துளிகள் நேர்மின்னோடு கீழே விழுந்துவிடுகின்றன. முகத்தில் படும் அந்தப் பொடிச் சாரலும் அதைச் சுற்றிய காற்றும் எதிர்மின்னைச் சுமந்து மிதக்கின்றன. அப்படி மின்னேறிய மிக நுண்ணிய மூலக்கூறுக் கொத்துகளைத்தான் எதிர்மின் அயனி என்கிறோம். (“நெகட்டிவ்னா கெட்டதுல்லா?” என்று டீச்சர் கேட்டார். கணக்கு டீச்சருக்கு, எண்கோட்டில் பூஜ்யத்துக்கு இடப்பக்கம் மாதிரி வெறும் பெயர்தான் என்று சொன்னதும் புரிந்துவிட்டது.)

அருவி இல்லாத இடத்திலும் அயனிகள் உண்டு. மண்ணிலிருந்து கசியும் ரேடான் வாயு, விண்ணிலிருந்து வரும் காஸ்மிக் கதிர்கள் இவற்றால் நிலத்தின் மேல் ஒவ்வொரு கன சென்டிமீட்டர் காற்றிலும் நொடிக்கு ஏறக்குறைய பத்து ஜோடி அயனிகள் பிறந்துகொண்டே இருக்கின்றன. திறந்தவெளியில் கன சென்டிமீட்டருக்குச் சில நூறு, பெரிய அருவிகளின் அருகில் சில ஆயிரம் முதல் சில பத்தாயிரம் வரை இருக்கும். சுத்தமான காற்றில் ஒரு சின்ன அயனிக்கு ஆயுள் ஒன்றிரண்டு நிமிஷம். புகையும் தூசியும் நிறைந்த காற்றில் அதுகூட இல்லை. பிறந்த வேகத்தில் ஏதாவது ஒரு தூசித் துகளோடு ஒட்டிக்கொண்டு கனத்துவிடும். ஆகவே “இங்க காத்தே இல்லை” என்று டீச்சர் சொன்னதில் இயற்பியல் இருக்கிறது. ஜனவரி தில்லியில் சின்ன அயனிகள் குறைவாகத்தான் இருக்கும்.

அதனால் மனசு சோர்கிறதா என்பது தனிக் கேள்வி. இதில் நான் வெகுநேரம் நின்றுவிட்டேன், ஏனென்றால் நல்ல ஆராய்ச்சியும் இருக்கிறது. கலிஃபோர்னியாவின் பெர்க்லியில் ஆல்பர்ட் க்ரூகர் என்ற நுண்ணுயிரியலாளர் 1950களிலிருந்து பல வருஷம் விலங்குகளில் சோதனை செய்து, எதிர்மின் அயனிகள் உடம்பில் மனநிலையோடு தொடர்புடைய செரட்டோனின் என்ற ரசாயனத்தைக் குறைக்கின்றன என்றார். ‘குறைக்கின்றன’ என்பதைக் கவனியுங்கள். இன்றைய விளம்பரங்கள் அயனிகள் செரட்டோனினைக் கூட்டுவதால் மகிழ்ச்சி வருகிறது என்கின்றன. தொடங்கிவைத்தவர் சொன்னதற்கு நேரெதிர். இரண்டையும் ஒரே மூச்சில் ஆதாரமாகக் காட்டுகிறவர்கள் மூலத்தைப் படிக்கவில்லை என்பது என் அபிப்பிராயம்.

மனச்சோர்வில் நேரடியாகச் சோதித்தவர்கள் நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மைக்கேல் டெர்மனும் ஜியுவான் டெர்மனும். 1995இல் வெளியான ஆய்வில், குளிர்காலத்தில் மட்டும் வந்து போகும் பருவகால மனச்சோர்வு உள்ள 25 பேருக்கு, தினமும் விடிகாலை அரை மணி நேரம் அயனிக் கருவி. ஒரு குழுவுக்குக் கன சென்டிமீட்டருக்கு 27 லட்சம் அயனிகள். ஒப்பிடுவதற்காக இன்னொரு குழுவுக்கு வெறும் பத்தாயிரம். அதிக அளவு பெற்றவர்களில் 58 சதவீதம் பேருக்கு நோய் பாதிக்கு மேல் குறைந்தது, குறைந்த அளவு பெற்றவர்களில் 15 சதவீதம். 2006இல் 99 பேரோடு இன்னொரு ஆய்வு. அதில் அதிக அடர்த்தி அயனிக்கு ஏறக்குறைய 48 சதவீதமும், குறைந்த அடர்த்திக்கு 23 சதவீதமும், பிரகாசமான விளக்கு வெளிச்சத்துக்கு 57 சதவீதமும் பலன் வந்தது. 2013இல் பெரெஸும் உடன் ஆய்வாளர்களும் 1957 முதல் 2012 வரையிலான 33 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தார்கள். பதற்றம், பொதுவான மனநிலை, தூக்கம் ஆகியவற்றில் நம்பத்தகுந்த பலன் எதுவும் தெரியவில்லை. மனச்சோர்வு அளவெண்ணில் மட்டும் குறைவு தெரிந்தது, அதுவும் அயனி அளவு மிக அதிகமாக இருந்தபோது இன்னும் தெளிவாக.

இங்கே ஒரு எண் என்னை நிறுத்தியது. 1995 ஆய்வில் பத்தாயிரம் என்பது ஒப்பீட்டுக்காக வைத்த சின்ன அளவு, போலி மருந்தின் இடத்தில் இருப்பது. அருவிக்கரையில் கிடைப்பதும் ஏறக்குறைய அந்த வரிசைதான். பலன் தெரிந்த 27 லட்சம் எந்த அருவியிலும் கிடையாது. அப்படியானால் குற்றாலத்தில் டீச்சரின் தலைப்பாரம் இறங்கியதற்கு அயனிக் கணக்கு மட்டும் காரணமாக இருக்க முடியாது. மகனிடம் இதைச் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. “அப்போ இந்த மெஷின் எவ்வளவு விடுது மேடம்?” என்று கேட்டார். பெட்டியில் ‘கோடிக்கணக்கில்’ என்று எழுதியிருந்தது. எத்தனை தூரத்தில், எத்தனை கன சென்டிமீட்டரில், நொடிக்கா மொத்தமாகவா என்று எதுவுமில்லை. கருவியின் முனையில் வெளியேறும் எண்ணிக்கைக்கும் மூன்றடி தள்ளி மூக்குக்கு வந்து சேரும் எண்ணிக்கைக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம்.

முதல் மூன்று வாரம்

நான் அடுத்த முறை வீட்டுக்குப் போனபோது கருவி டீச்சரின் தலைமாட்டில் இருந்தது. குளிருக்காகக் கதவு, ஜன்னல் எல்லாம் சாத்தி, ராத்திரி முழுக்க ஓடிக்கொண்டிருந்தது. அறைக்குள் நுழைந்ததும் ஜெராக்ஸ் கடைக்குள் போனால் வருமே, அந்தக் கூர்மையான வாசனை. டீச்சருக்கு ஒரு வாரமாகத் தொண்டை அரிப்பு, வறட்டு இருமல். குளிர் என்று நினைத்துச் சுக்குக் கஷாயம் போட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள்.

அந்த வாசனை ஓசோன். கூரான முனையில் உயர் மின்னழுத்தம் கொடுத்துத்தான் இந்தக் கருவிகள் அயனி உண்டாக்குகின்றன. அந்த மின்கசிவில் ஓசோனும் கூடவே பிறக்கும். எவ்வளவு என்பது கருவிக்குக் கருவி மாறும். கலிஃபோர்னியா மாநிலம் வீட்டுக்குள் வைக்கும் காற்றுக் கருவிகளுக்கு நூறு கோடியில் 50 பங்கு என்று உச்சவரம்பு வைத்து, அதைத் தாண்டினால் விற்கவே விடுவதில்லை. ஓசோன் நுரையீரலை அரிக்கும். தரை துடைக்கும் எலுமிச்சை வாசனைத் திரவத்தோடு சேர்ந்தால் ஃபார்மால்டிஹைடு என்ற நச்சு வாயுவும் நுண்துகள்களும் உண்டாகும். அந்த வீட்டில் தினமும் அந்தத் திரவத்தால்தான் தரை துடைத்தார்கள்.

கருவிக்குப் பின்னால் சுவரைப் பார்த்தேன். வெள்ளைச் சுவரில் ஒரு முழ அகலத்துக்குச் சாம்பல் நிறத்தில் ஒரு வட்டம், சாமி விளக்குக்கு மேலே சுவரில் கரி படியுமே அது மாதிரி. விரலால் தேய்த்தேன், விரல் கறுத்தது. டீச்சரும் வந்து தொட்டுப் பார்த்தார். “இதுவா என் நெஞ்சுக்குள்ள போயிட்டிருந்துச்சு?” ஆமாம், தில்லிக் காற்றின் தூசிதான். அயனி ஒட்டியதும் துகள்கள் மின்னேறிப் போய்ச் சுவரிலும் திரைச்சீலையிலும் படிகின்றன. காற்றிலிருந்து கொஞ்சம் குறைகிறது என்பது உண்மைதான். ஆனால் வடிகட்டி இல்லாத கருவி அதைப் பிடித்து வைப்பதில்லை. பெருக்கினால், உதறினால் மறுபடியும் கிளம்பும்.

அன்றே கருவியை ஹாலுக்கு மாற்றி, ராத்திரி ஓடுவதை நிறுத்தினோம். நான்கைந்து நாளில் இருமல் போய்விட்டது. ஆனால் மகன் ஒரு விஷயத்தைச் சொன்னார், அதை நான் தள்ளிவிட முடியவில்லை: கருவி வந்த முதல் வாரம் அம்மா கொஞ்சம் தெளிவாக இருந்தார், ஏழு மணிக்கே எழுந்தார். பி.எச்.க்யூ மதிப்பெண் 12. ஒரே ஒரு புள்ளிதான் குறைவு, ஆனால் வீட்டில் எல்லோர் கண்ணுக்கும் அது வேலை செய்த மாதிரி இருந்தது. நம்பிக்கையினால் வந்ததா, அயனியினால் வந்ததா? வாதாடிப் பயனில்லை. சோதித்துப் பார்த்துவிடலாம் என்றேன். டீச்சருக்குத்தான் முதலில் பிடித்தது. “நிரூபிச்சுக் காட்டாம எதையும் எடுத்துக்கக் கூடாது” என்றார்.

சீட்டுக் குலுக்கிய எட்டு வாரம்

அந்தக் கருவியில் விசிறிக்கு ஒரு பொத்தான், அயனிக்குத் தனிப் பொத்தான். அயனி ஓடினால் ஒரு நீல விளக்கு எரியும். அதன்மேல் கறுப்பு இன்சுலேஷன் டேப்பை ஒட்டினோம். விசிறிச் சத்தம் இரண்டு நிலையிலும் ஒன்றுதான். ஹாலில் கதவு கொஞ்சம் திறந்திருக்க, நாலடி தள்ளி அரை மணி நேரம் மட்டும் என்பதால் வாசனை தெரியவில்லை. எட்டுத் துண்டுச் சீட்டு, நான்கில் ‘ஆன்’, நான்கில் ‘ஆஃப்’. வாரத்துக்கு ஒன்றை மருமகள் டம்ளரிலிருந்து எடுத்து, அதன்படி அயனிப் பொத்தானை வைப்பார். எடுத்த சீட்டு கடுகு டப்பாவுக்குப் பின்னால் போகும். எனக்கும் தெரியாது, மகனுக்கும் தெரியாது, டீச்சருக்கும் தெரியாது. காலை ஏழே காலுக்கு, தில்லியில் ஜனவரிச் சூரியன் எழும் நேரத்துக்கு, டீச்சர் கருவிக்கு எதிரே நாற்காலியில் அரை மணி நேரம் உட்காரவேண்டும். ராத்திரி படுக்கும் முன் நோட்டில் மார்க் போடவேண்டும். பத்துக்கு எவ்வளவு என்று நான் சொன்னேன். “பத்துல என்ன தெரியும்? நூத்துக்குப் போடுதேன்” என்றார்.

ஜனவரி முதல் வாரம் தொடங்கி பிப்ரவரி கடைசி வரை 56 நாள். ஐந்து நாள் விட்டுப்போயிற்று, 51 நாளுக்கு மார்க் இருக்கிறது.

நடுவில் ஒரு குறுக்கீடு. டீச்சரின் தங்கை மகன் ஒருவர் ஊரிலிருந்து ஒரு பதக்கம் அனுப்பினார். கறுப்புக் கல் மாதிரி, ஒரு ரூபாய் நாணயத்தைவிடக் கொஞ்சம் பெரியது, கயிறு கோத்துக் கழுத்தில் போட்டுக்கொள்ள. ‘எதிர்மின் அயனி’ தொடர்ந்து வரும், மின்சாரமே வேண்டாம் என்று கூட ஒரு தாள். மின்சாரமே இல்லாமல் ஒரு கல் ஓயாமல் அயனி விடுகிறது என்றால் அதற்குள் கதிரியக்கப் பொருள் இருக்க வாய்ப்பு அதிகம். இப்படிப்பட்ட பொருட்கள் சிலவற்றில் தோரியம் உள்ள தாதுப்பொடி கலந்திருக்கிறது. 2021 டிசம்பரில் நெதர்லாந்தின் அணுசக்திப் பாதுகாப்பு ஆணையம் பத்துப் பொருட்களைச் சோதித்து, அணியவேண்டாம், பத்திரமாக எடுத்து வையுங்கள் என்று மக்களை எச்சரித்தது. நம் குமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலில் மோனசைட் இருக்கிறதே, அந்தத் தாதுவில் இருப்பதும் தோரியம்தான். டீச்சருக்கு அந்த ஊர் தெரியும், அதனால் உடனே விளங்கியது. இந்தப் பதக்கத்தில் என்ன இருந்தது என்று நாங்கள் அளக்கவில்லை. ஆனால் ராத்திரியும் பகலும் நெஞ்சோடு ஒட்டிக் கிடக்கும் பொருளில் இந்தச் சந்தேகம் இருந்தாலே போதும். கழற்றி ஒரு டப்பாவில் போட்டு, ஆள் புழங்காத பரணில் வைத்தார்கள். வாங்கி அனுப்பிய பையனுக்கு நானே போன் பண்ணி, மற்றவர்களுக்கும் வாங்கிக் கொடுக்கவேண்டாம் தம்பி என்று கேட்டுக்கொண்டேன்.

நோட்டு சொன்னது

மார்ச் முதல் ஞாயிற்றுக்கிழமை கடுகு டப்பாவுக்குப் பின்னாலிருந்து சீட்டுகள் வெளியே வந்தன. டீச்சரே கூட்டிப் போட்டார், கால்குலேட்டரை மகன் நீட்டியும் வாங்கவில்லை. அயனி ஓடிய 26 நாட்களின் சராசரி 47. ஓடாத 25 நாட்களின் சராசரி 48.6. ஒன்றரை மார்க் வித்தியாசம், அதுவும் எதிர்ப்பக்கம். ஒரு நாளுக்கும் மறுநாளுக்கும் இருபது முப்பது மார்க் ஏறி இறங்குகிற நோட்டில் இதற்கு ஒரு அர்த்தமும் கிடையாது. எந்த வாரம் ஓடியது என்று அவரையே ஊகிக்கச் சொல்லியிருந்தோம். எட்டில் நான்கு சரி.

ஆனால் அந்தப் பக்கங்களில் வேறொன்று இருந்தது, நாங்கள் யாரும் கேட்காமலே அவர் எழுதியது. ஜனவரி மூன்றாவது வாரத்திலிருந்து சில தேதிகளுக்குப் பக்கத்தில் சின்ன எழுத்தில் ‘வெயில்’ என்று இருந்தது. முதல் ‘வெயில்’ வரும் பக்கத்தின் ஓரத்தில் வெளிறிய பச்சையில் ஒரு கட்டைவிரல் கறை.

என்ன நடந்தது என்றால், மேல்வீட்டுப் பஞ்சாபி அம்மாள் ஒரு நாள் பதினொரு மணிக்குக் கதவைத் தட்டி, கையைப் பிடித்து மொட்டை மாடிக்கு இழுத்துக்கொண்டு போயிருக்கிறார். தில்லியில் குளிர்காலம் இருந்தவர்களுக்குத் தெரியும்: வெயில் வந்தால் வீட்டுப் பெண்கள் எல்லோரும் மாடியில் பாய் விரித்துவிடுவார்கள். நடுவில் ஐந்து கிலோ பச்சைப் பட்டாணி. டீச்சருக்கு இந்தி பத்து வார்த்தை, அந்த அம்மாளுக்குத் தமிழ் சுத்தமாகத் தெரியாது. பட்டாணி உரிப்பதற்கு எந்தப் பாஷையும் வேண்டியதில்லை. கட்டைவிரல் நகத்தால் தோலின் முதுகைக் கீறி, அப்படியே ஒரு இழு. ஒன்றரை மணி நேரம் உரித்ததில் நகமெல்லாம் பச்சை. அன்றைய மார்க் 62.

51 நாளில் 22 நாள் அவர் மாடிக்குப் போயிருக்கிறார். அந்த நாட்களின் சராசரி 58. போகாத 29 நாட்களின் சராசரி 40. இந்த வித்தியாசத்தைப் பார்த்ததும் டீச்சர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, “இதைல்லா மொதல்ல கணக்குப் போட்டிருக்கணும்” என்றார்.

மகன் தன் போனில் வெளிச்சத்தை அளந்து பார்த்தார். டீச்சரின் கட்டிலருகே பகல் பதினொரு மணிக்கு 90 லக்ஸ். புகைமூட்டம் இருந்தும் மாடியில் போன் காட்டிய எண் பல ஆயிரம். பருவகால மனச்சோர்வுக்கு மருத்துவத்தில் கொடுக்கும் விளக்கு வெளிச்சம் 10,000 லக்ஸ், காலையில் அரை மணி நேரம். தென்காசியில் டிசம்பர் கடைசியிலும் பகல் பொழுது பதினொன்றரை மணி நேரத்துக்கு மேல். தில்லியில் பத்தேகால் மணி நேரம்தான், அதிலும் பாதி மூட்டம். அறுபது வருஷம் தெற்கத்தி வெயிலில் நடமாடிய ஒருவர் 90 லக்ஸ் அறைக்குள் மூன்று மாதம் இருந்திருக்கிறார்.

எச்சரிக்கையோடு சொல்லவேண்டியவை

வெயில்தான் குணப்படுத்தியது என்று நான் எழுதமாட்டேன். அயனியைச் சீட்டுக் குலுக்கிச் சோதித்தோம், வெயிலை அப்படிச் சோதிக்கவில்லை. மனசு கொஞ்சம் நன்றாக இருந்த நாளில் மட்டும் மாடி ஏறியிருக்கலாம். வெயில் அடித்த நாட்களில் காற்றும் சுத்தமாக இருந்திருக்கலாம். பட்டாணி, பேச்சு, படியேறிய நடை, வைட்டமின் டி மாத்திரை எல்லாம் கலந்து கிடக்கின்றன. பருவகால மனச்சோர்வு என்ற பெயரையும் நான் கொடுக்கவில்லை. முதல் குளிர்காலம் கணவர் இறந்த சோகத்தில் போனது, அதை இந்த நோயின் கணக்கில் சேர்ப்பது சரியாகாது. கொலம்பியா ஆய்வுகளை இந்த வீட்டுச் சோதனை மறுக்கவும் இல்லை. அங்கே அளவு வேறு, நோயாளிகள் வேறு, கருவியும் வேறு. மருத்துவர் மேற்பார்வையில் அந்த அளவுக்குக் கொடுக்கும் அயனிக்குப் பலன் இருக்கலாம் என்று நான் இன்னும் நினைக்கிறேன். கடையில் வாங்கும் பெட்டி அதைச் செய்யும் என்று நினைக்கவில்லை.

இன்னொன்று, எனக்கே தாமதமாகத்தான் உறைத்தது. சோதனைக்காகத் தினமும் ஏழே காலுக்கு டீச்சர் எழுந்து உட்கார்ந்தார். ராத்திரி ஷிப்ட் முடித்து வரும் மகன், நேரம் பார்த்துச் சொல்வதற்காகப் பக்கத்தில் காபியோடு உட்கார்ந்தார். அதற்கு முன் வாரத்தில் ஒரு நாள்கூட அம்மாவும் பிள்ளையும் அப்படி அரை மணி நேரம் ஒன்றாக இருந்ததில்லை. ஆன் வாரம், ஆஃப் வாரம் இரண்டிலும் அது நடந்தது. இரண்டின் சராசரியும் சேர்ந்தே உயர்ந்ததில் அதற்கும் ஒரு பங்கு உண்டு என்று எனக்குத் தோன்றுகிறது. “நான் மெஷினை வாங்கி வச்சிட்டு என் வேலை முடிஞ்சுதுன்னு இருந்துட்டேன் மேடம்” என்று அவர் சொன்னபோது குரல் உடைந்தது. வாங்கியதால்தானே உட்கார்ந்தீர்கள் என்றேன், மனசார.

மாடியிலும் ஆபத்து உண்டு. நம் நாட்டில் பி.எம் 2.5 நுண்தூசிக்கு 24 மணி நேர வரம்பு கன மீட்டருக்கு 60 மைக்ரோகிராம். தில்லிக் குளிர்காலத்தில் அதற்குள் அடங்கும் நாட்கள் குறைவு. அதனால் ஒரு வழக்கம் வைத்துக்கொண்டோம்: காற்றுத் தரக் குறியீடான ஏ.க்யூ.ஐ. 300ஐத் தாண்டினால் மாடி கிடையாது, கிழக்கு ஜன்னலோரம்தான். மற்ற நாட்களில் காலை மூட்டம் கலைந்து காற்று மேலே எழும்பும் பதினொரு மணிக்கு மேல், என்-95 முகக்கவசத்தோடு. படுக்கையறைக்கு, நுண்தூசியைப் பிடித்து வைக்கும் ஹெபா வடிகட்டி உள்ள ஒரு சுத்திகரிப்பான் வாங்கினார்கள். அதிலும் ஒரு அயனிப் பொத்தான் இருந்தது, அதை அணைத்தே வைத்திருக்கிறார்கள்.

தொடர் கவனிப்பு

பிப்ரவரி கடைசியில் பி.எச்.க்யூ மதிப்பெண் 6, ஏப்ரலில் 5. மருந்து தேவைப்படவில்லை, மனநல மருத்துவர் இரண்டு முறை பார்த்து ஒத்துக்கொண்டார். கோலம் மார்ச்சில் திரும்பியது. ஏப்ரல் பாதியில் மொட்டை மாடி கொதிக்க ஆரம்பித்ததும் நேரத்தைக் காலை ஆறு மணிக்கு மாற்றி, பக்கத்துப் பூங்காவில் நடை என்று வைத்திருக்கிறோம். மேல்வீட்டு அம்மாளும் வருகிறார்.

ஜூலையில் டீச்சர் ஒரு மாதம் ஊருக்குப் போய்வந்தார். ஐந்தருவியிலிருந்து போன் பண்ணினார், தண்ணீர் இரைச்சலில் பாதி கேட்கவில்லை. நோட்டைக் கையோடு கொண்டுபோயிருந்தார். அன்றைக்கு 85 போட்டிருக்கிறார், பக்கத்தில் ‘அருவி, தங்கச்சி, மிளகாய் பஜ்ஜி’ என்று மூன்று காரணம். அக்டோபர் முதல் வாரம், நாள் குறுகுவதற்கு முன்பே, மறுபடியும் என்னிடம் வருவதாக ஏற்பாடு. புது நோட்டு வாங்கி வைத்திருக்கிறார். இந்த முறை வெயிலையும் சீட்டுக் குலுக்கிச் சோதித்துவிடலாமா என்று கேட்கிறார். வெயில் கிடைக்கும் நாளில் சீட்டு ‘வேண்டாம்’ என்று வந்தால் அவரை உள்ளே உட்காரவைக்க எனக்கு மனம் ஒப்பவில்லை. அதற்கு எப்படி ஒரு திட்டம் போடுவது என்று இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறோம்.